சுவருக்கு மேலால் போன பேச்சு

கருவாடு வறுக்கிற மணம் வந்தால் மாலை ஆறு மணி என்று அர்த்தம். வறுபடுவது எங்கள் அடுப்பில் இல்லை... பக்கத்துக் காம்பிராவில்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்துக் குடும்பம். குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பிரா. காம்பிராவுக்கும் காம்பிராவுக்கும் நடுவில் சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே இருக்கும் இடைவெளியால் புகை வரும், மணம் வரும், இருமல் வரும், சண்டையும் வரும். கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்துவிடுவதுதான் அங்கே மரியாதை.

எல்லோரும் அந்த மரியாதையை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினார்கள். அதனால் யாருக்கும் எதுவுமே கேட்பதில்லை என்று நான் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன். மடைச்சி!

பக்கத்துக் காம்பிராவில் லெட்சுமி சின்னம்மாவும் அவர் புருஷனும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தையும் இல்லை. ஒரு கோடையில் வாரக்கணக்கில் ஒரு பொட்டு மழை கிடையாது. லயத்துக்கே இருந்த ஒரே குழாயான பீலியில் தண்ணீர் நூலாக வடிந்தது. யார் குடத்தை முதலில் வைப்பது என்று அம்மாவும் சின்னம்மாவும் போட்ட சண்டைதான் காரணம்.

நானோ மேடை என்றாலே செத்துப்போகிற ஆள். ஒருமுறை பாடசாலைக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கப் போனேன். "வணக்கம்" என்றதோடு நின்றுவிட்டது. வகுப்புக்குள் ஓடிப்போய் மேசைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து பையன்கள் எனக்கு வைத்த பெயரே "வணக்கம்"தான்.

அப்படிப்பட்டவளை, தரம் ஒன்பதில், பரிசளிப்பு விழாவில் பேசச் சொன்னார் எங்கள் டீச்சர்.

"முடியாது டீச்சர், எனக்கு மயக்கம் வந்துரும்."

"வந்தா வரட்டும். தூக்க ஆள் இருக்கு. நீதான் பேசுற."

தலைப்பு, நீர்வளம் காப்போம். டீச்சரே தன் கையால் எழுதித் தந்த இரண்டு பக்கம்.

ஒரு மாதம் பாடமாக்கினேன். தினமும் ஆறு மணிக்கு மேல், அடுப்புப் பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில். நான் ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்துச் சட்டி பானைச் சத்தம் நின்றுவிடும். சின்னம்மா சமையலை முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை மண்டபத்தில் தோட்டமே வந்து உட்கார்ந்திருந்தது. எப்படியோ பாதி வரைக்கும் வந்துவிட்டேன்.

"நாம் இன்று வீணாக்கும் ஒவ்வொரு சொட்டு நீரும்..."

அவ்வளவுதான். அடுத்தது வரவில்லை. தலைக்குள் ஒன்றுமே இல்லை.

பின்வரிசையில் பையன்கள் மெதுவாக ஆரம்பித்தார்கள். "வணக்கம்... வணக்கம்..." திரைக்குப் பக்கத்தில் டீச்சர் தாளைப் புரட்டுகிறார், இடம் கிடைக்கவில்லை. நான் ஓடுவதற்குத் திரும்பிவிட்டேன். ஒரு கால் வைத்தும் விட்டேன்.

"நாளை நம் பிள்ளைகளின் தாகம்!"

மூன்றாவது வரிசையில் இருந்து வந்தது குரல். லெட்சுமி சின்னம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அதிர்ச்சியில் எனக்குப் பயம் மறந்துபோனது. அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னேன். மற்றதெல்லாம் தானாக வந்தது. கடைசி வரை சின்னம்மாவின் உதடும் என்னோடு சேர்ந்து அசைந்ததைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத மனுசி... கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் துள்ளிக்கொண்டுதான் வந்தேன். அங்கேதான் அது மண்டையில் உறைத்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

நான் கிசுகிசுத்தது சொல்லுக்குச் சொல் கேட்டிருக்கிறது. அப்படியென்றால்... நாங்கள் சத்தமாகப் பேசியது?

பீலிச் சண்டை நடந்த அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் பொருமிக்கொண்டிருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் சொன்னது இது.

"அவங்களுக்கு எதுக்கும்மா அத்தன கொடம் தண்ணி? தொவைக்க புள்ளத்துணியா கெடக்கு?"

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கும் அந்தப் பக்கம் சட்டி பானைச் சத்தம் நின்றுபோனது... அது எனக்கு அந்த மடுவத்தடியில்தான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"சீ, கேட்டிருக்காதுடி" என்றார். பிறகு சுவருக்கு மேலே இருந்த இடைவெளியை அண்ணாந்து பார்த்தார். அடுத்த நாள் காலையில் பீலியடியில் தன் குடத்தைத் தள்ளிவைத்து, "நீங்க புடிங்க லெட்சுமி" என்றார். பேச்சுவார்த்தை அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு எனக்குப் பேசுவதுதான் வேலை. வாரம் ஒரு பயிற்சி வகுப்பு, கையில் மைக், முன்னால் நூறு பேர். ஹட்டனில் இருக்கும் என் வீட்டுச் சுவர் சீலிங் வரைக்கும் போகிறது. வாய்விட்டுப் பழகினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் யாரைப் பற்றியாவது வீட்டுக்குள் பேச ஆரம்பித்தால் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.

போன வருடம் சின்னம்மாவுக்குத் தனி வீடு கிடைத்தது. பால் காய்ச்சும்போது போயிருந்தேன். புது அடுப்படியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். இத்தனை வருடம் தொண்டைக்குள் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சின்னம்மா... அப்ப எங்க வீட்டுல பேசுறதெல்லாம் ஒங்களுக்கு கேக்குமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாலை டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நீ பாடமாக்குனது மட்டுந்தான் பாப்பா கேட்டுச்சு. மத்ததெல்லாம் எங்க கேக்குது? தகரத்துல மழ அடிக்கிற சத்தத்துல ஒண்ணும் வெளங்காது."

தலையை ஆட்டிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் மழை இல்லை. மழை இல்லாததால்தானே அந்தச் சண்டையே வந்தது.