தாளம் தப்பிய சாமி

தேவகுமாரியைப் பார்த்ததும் ஏற்காட்டு மலையில் யாரும் கேட்கிற முதல் கேள்வி, "டாக்டர் எங்கீங்க?" என்பதுதான். அவளும் சளைக்காமல், "அவரு வர்ற வரைக்கும் உசுரு இருக்கோணுமில்லீங்க, அதுக்குத்தான் நான்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். வார்டின் கடைசிக் கட்டிலில் கிடப்பவர்கூட என்னமோ ஏதோவென்று தலையைத் தூக்கிப் பார்க்கும்படியான சிரிப்பு.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா சாந்தாமேரி காப்பிப் பழம் பறித்தாள். மகள் மிஷன் பள்ளியில் படித்து, சேலத்தில் நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தாள். அதற்குமேல் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேற்படிப்பையும் படித்தாள். ஆபத்தில் வருகிற நோயாளியைத் தானே பரிசோதித்து, இன்னதென்று கண்டுபிடித்து, முதல் சிகிச்சையைத் தானே தொடங்கும் திறமையைத் தருகிற படிப்பு அது. இவ்வளவு படித்துவிட்டு ஏன் மலைக்குத் திரும்பினாய் என்று கேட்டால் சேவை, தியாகம் என்றெல்லாம் அளக்கமாட்டாள். "மெட்ராஸ்ல நொம்ப வேர்க்குதுங்க" என்பாள்.

அவள் வந்து சேர்ந்த சின்ன ஆஸ்பத்திரியில் பிரபாகர் என்று ஒரே ஒரு டாக்டர். அவர் பிரசவ அறையில் இருக்கும் நேரம் பாம்பு கடித்தவரைத் தூக்கி வந்தால், என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்த நர்ஸ் உத்தரவுக்காகக் கதவோரம் நிற்க வேண்டும். படித்தவள் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, செத்தவனின் தலையெழுத்தின் மேல் பழியைப் போடுவது இந்த நாட்டில் நெடுங்காலமாக நடக்கிற அக்கிரமம். தேவகுமாரி நிர்வாகக் குழுவின் முன்னால் போய் நின்றாள். "என்ன இருந்தாலும் நீ நர்சுதானேம்மா" என்றார் ஒரு பெரிய மனிதர்.

"ஐயா, டாக்டர் இருக்காரான்னு விசாரிச்சிட்டா பாம்பு கடிக்குது?"

முதலில் சிரித்தவர் அங்கே உட்கார்ந்திருந்த டாக்டர் பிரபாகர்தான். எந்தெந்த ஆபத்தில் தனக்காகக் காத்திராமல் அவள் என்னென்ன செய்யலாம் என்று அவரே உட்கார்ந்து வகுத்துக் கையெழுத்தும் போட்டார். பாம்புக்கடி, நெஞ்சுவலி, கதண்டுக் குளவி கொட்டி மூச்சடைப்பது, வலிப்பு, சர்க்கரை இறங்கி மயங்குவது.

அந்தக் கடைசி ஆபத்து ஒரு வைகாசிப் பகலில் நடுரோட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

மஞ்சக்குட்டைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ரத்தக்கொதிப்பு முகாம் முடித்துவிட்டு ஆஸ்பத்திரி ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் ஓர் ஊரில் மாரியம்மன் பண்டிகை. ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்வலம். சாமை மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவிளக்கைத் தலையில் ஏந்திப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அது கோயில் சேரும்வரை அவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. விரதத்தின் பலன் குடும்பம் முழுவதற்கும். விரதம் மட்டும் பெண்ணுக்கு. ஆண்கள் டீக்கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு ஊடு போய்ச் சேர்ந்தாப்லதானுங்க" என்று சொல்லி டிரைவர் ஜேசுதாஸ் இன்ஜினை அணைத்தார்.

முன்னால் மூன்று பெண்களுக்குச் சாமி வந்திருந்தது. தப்பட்டை முழங்கியது. தேவகுமாரியின் விரல்களும் தாமாகவே ஜீப்பின் முன்பலகையில் தாளம் போட்டன. சட்டென்று நின்றன.

"ஜேசுதாசண்ணா, அந்தப் பச்சைச் சேலைக்காரம்மாவைப் பாருங்க."

"சாமி வந்திருக்குதுங்க."

"தாளத்துக்கு ஆடலையே."

"சாமிக்கு என்னுங்க தாளம்?"

"மத்த ரெண்டு சாமியும் அடி பிசகாம ஆடுதே!"

ஜேசுதாஸ் உற்றுப் பார்த்தார். உண்மைதான். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு நாக்கைத் துருத்தி வேப்பிலையைச் சுழற்றினாள். ஆனால் பாதம் மட்டும் தப்பட்டையை விட்டு இம்மியும் விலகவில்லை. இன்னொருத்தியும் அப்படியே. பச்சைச் சேலைக்காரியின் கால்கள் தப்பட்டையைக் கேட்கவே இல்லை. அவள் ஆடவில்லை, தள்ளாடினாள். இவர் இதைப் பார்த்து முடிப்பதற்குள் தேவகுமாரி அவசரப் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பச்சைச் சேலைக்காரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ரவிக்கை நனைந்து ஒட்டும்படி வியர்வை. பார்வை எங்கேயோ நிலைத்திருந்தது. உதடுகள் குழறின. அந்தக் குழறலைத் தெய்வவாக்கு என்று நம்பி ஒருவர் முன்னால் மண்டியிட்டு, "போர் கெழக்க போடறதா, மேக்க போடறதா தாயே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தலை மேற்கே சாய்ந்தது. போர்வெல் மேற்கே என்று முடிவாயிற்று. அவளுடைய கையைத் தேவகுமாரி பிடித்துப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"யாரம்மணி அது? தொடாதீங்க!" பூசாரி சித்தன் ஓடி வந்தார். "சாமி மலையேறுற வரைக்கும் மேல கை படக் கூடாதுங்க. எங்கூரு வழக்கம்."

"இது சாமி இல்லீங்க. சர்க்கரை இறங்கிப் போச்சு. இப்பவே ஏத்தலைன்னா வலிப்பு வரும், உசுருக்கே ஆபத்து."

"நீங்க டாக்டருங்களா?"

"நர்சுங்க."

"டாக்டர் எங்கீங்க?"

கூட்டத்தில் யாரோ, "வேதக்காரப் பொண்ணு, நம்ம சாமியத் தொடுது பாரு" என்றார்கள். யாரோ ஒரு சொம்பு பானகத்தை அந்த அம்மாளின் வாயில் ஊற்றப் போனார்கள். தேவகுமாரி சொம்பைத் தட்டிவிட்டாள். "முழுங்கத் தெம்பில்லாதவங்க வாயில ஊத்தினா நுரையீரலுக்குப் போயிரும்!"

அதற்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலேயே வந்து சேர்ந்த ஜேசுதாஸ் அவள் காதருகே குனிந்தார். "அம்மனே ஊசி கேக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க சிஸ்டர். வுட்டுருவாங்க."

எளிய வழிதான். ஆனால் அவளுக்கு அது ஒப்பவில்லை. "இன்னிக்கு அப்படிச் சொன்னா அடுத்த வருசமும் மயங்குனவ காலுல விழுவாங்கண்ணா." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். வார்டின் கடைசிக் கட்டிலை எழுப்பும் குரலை எடுத்தாள்.

"இந்தம்மா சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறாங்களா? யாருக்காச்சும் தெரியுமா?"

பதில் வருவதற்குள் அந்த அம்மாளின் முழங்கால்கள் மடங்கின. தேவகுமாரி வழக்கத்தை எல்லாம் மீறி அவளைத் தோளோடு தாங்கிக்கொண்டாள். பூசாரி கையை ஓங்கித் தடுக்க வந்தார். அப்போதுதான், வேப்பிலையைச் சுழற்றிக்கொண்டிருந்த சாமி, கண்ணைத் திறக்காமல், ஒரு அடியும் பிசகாமல், ஊரே கேட்கக் கத்தியது:

"டேய்! மாதம்மா காலைல மாத்திரையைப் போட்டுட்டுத்தாண்டா வந்தா! வெரதம்னு ஒரு வாய் கஞ்சி குடிக்கலடா! எனக்குத் தெரியும்டா! நான் பக்கத்து ஊடுடா!"

தப்பட்டை நின்றது. பூசாரியின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவர் பேசிய சாமியைப் பார்த்தார், சரிந்துகொண்டிருந்த சாமியைப் பார்த்தார். பிறகு இரண்டடி பின்வாங்கி, "அம்மனே சொல்லிருச்சு. பாருங்க அம்மணி" என்றார். அந்த ஊர் அம்மன் அன்று சொன்ன உருப்படியான குறி அது ஒன்றுதான்.

அப்புறம் தேவகுமாரியின் கைகளுக்கு யாரும் குறுக்கே வரவில்லை. விரல்நுனியில் ஒரு துளி ரத்தம். கருவி இருபத்தெட்டு என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. வியர்வையில் வழுக்கிய முழங்கையில் நரம்பைத் தேடிப் பிடித்து ஊசியை ஏற்றினாள். ஜேசுதாஸ் குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வெயில் நோயாளியின் முகத்தில் விழுந்தது. யாரும் சொல்லாமலே பூசாரி சித்தன் அம்மனுக்குப் பிடிக்கிற பட்டுக் குடையைக் கொண்டுவந்து மாதம்மாளின் மேல் பிடித்தார். உற்சவ அம்மன் வெயிலில் நின்றாள். கல்லுக்கும் உலோகத்துக்கும் வெயில் ஒன்றும் செய்துவிடாது.

பாட்டில் பாதிகூட இறங்கவில்லை, அதற்குள் மாதம்மாளின் கண்கள் அசைந்தன. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தன. தன்னைத் தாங்கியிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தன.

"என்ற மாவிளக்கு எங்கடீ?" என்றாள்.

ஊரே சிரித்த சிரிப்பில் தப்பட்டைக்காரர்களுக்கும் கை பொறுக்கவில்லை, மறுபடி முழக்கிவிட்டார்கள். போர்வெல்காரர் மட்டும் கவலையோடு நெருங்கி, "அப்ப மேக்க போடறதா வேண்டாமுங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி பாக்கற ஆளைக் கூப்புடுங்கண்ணா" என்றாள் தேவகுமாரி.

ஆனால் வேலை முடியவில்லை. "அதான் எந்திரிச்சுட்டாளே, மாவிளக்கை வெச்சுட்டுப் போகட்டும்" என்றது கூட்டம். மாதம்மாளும் எழப் பார்த்தாள். தேவகுமாரி அவளை அழுத்தி உட்கார வைத்தாள். "காலைல போட்ட மாத்திரை இன்னும் உள்ள வேலை பார்த்துட்டு இருக்குங்கக்கா. மறுபடியும் இறக்கிப்போடும். நாளைக்கு வரைக்கும் நீங்க என் கண்ணு முன்னாலதான் இருக்கோணும்."

"மாவிளக்குங்க..."

"அதையும் ஜீப்ல ஏத்துங்க."

மாதம்மாள் தயங்கினாள். கோயில் சேராத மாவிளக்கை என்ன செய்வது? சித்தன் யோசித்தார். பிறகு கற்பூரத் தட்டோடு ஜீப்பின் பின்பக்கம் வந்து, மாவிளக்குக்கு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினார். "அம்மன் வாங்கிக்கிட்டா. நீ தின்னு கண்ணு." இத்தனை வருடமாக யாருக்கும் இளக்காத விரதத்தை ஒரு மனிதர் அரை நிமிடத்தில் முடித்துவைத்தார். மனது வைத்தால் எந்த வழக்கத்துக்கும் ஒரு கதவு உண்டு.

ஜீப் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது டாக்டர் பிரபாகர் வாசலுக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார். "எல்லாம் நீயே செஞ்சுட்டே. எனக்கு என்னம்மா மிச்சம்?"

"மாவிளக்கு கொஞ்சம் இருக்குங்க சார்."

மாதம்மாள் மறுநாள் வீடு திரும்பினாள். அழைத்துப் போக வந்தவள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, ராணி. "நேத்துப் பேசினது நீங்களா, சாமியா?" என்று தேவகுமாரி கேட்டாள். "எனக்கு ஒண்ணும் நெனப்பில்லீங்க சிஸ்டர்" என்று ராணி மேலே பார்த்தாள். மாதம்மாள் அவள் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். பேசியது யார் என்பதில் தேவகுமாரிக்குச் சந்தேகம் ஏது?

அடுத்த வைகாசியில் சித்தன் அழைத்ததன் பேரிலேயே அவள் அந்த ஊருக்குப் போனாள். பந்தல் ஓரம் அவளுக்கு ஒரு மேசை. மைக்கில் பூசாரியின் குரல் மலையெங்கும் எதிரொலித்தது: "சர்க்கரை மாத்திரை போடறவங்க கஞ்சி குடிச்சுட்டுத்தான் மாவிளக்கு எடுக்கோணும்! அம்மன் கோவிச்சுக்காது! சாமி வந்தவங்களை மொதல்ல சிஸ்டர்கிட்டக் காட்டுங்க!"

மாதம்மாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி முதல் வரிசையில் வந்தாள். தப்பட்டை ஏறியது. ராணிக்குச் சாமி வந்தது. கண்ணை மூடி, நாக்கைத் துருத்தி, வேப்பிலையைச் சுழற்றி, அடி பிசகாமல் ஆடிக்கொண்டே மேசைப் பக்கம் வந்தவள், தேவகுமாரியின் முன்னால் ஒரு விரலை மட்டும் நீட்டினாள்.

தேவகுமாரி விரலைத் துடைத்தாள், குத்தினாள், கருவியைப் பார்த்தாள்.

"நூத்திப் பத்து. சாமி ஆடலாமுங்க!"

சாமி விரலைச் சப்பிக்கொண்டே ஆடப் போனது.