பேர் கேட்காத வீடு

காலை ஐந்தரைக்கெல்லாம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் நானும் பிரான்சிலிருந்து வந்த மதாம் ஒதிலும் ஆளுக்கொரு காபியோடு நின்றோம். தை பிறந்து பத்து நாள். பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள் நான். ஊரில் எந்த வெள்ளைக்காரி வந்து இறங்கினாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். இந்த அம்மாளையும் அப்படித்தான் கொண்டுவந்து விட்டார்கள். பெரிய கோவில் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன். அவரோ கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். காரைக்கால் பக்கத்துக் கிராமம் ஒன்றின் விலாசம்.

அந்தக் கிராமத்தின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. பயணக் கட்டுரையில் ஊர்ப்பேரை மறைப்பது தப்புதான். ஏன் மறைத்தேன் என்பதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஆறு மணிக்குக் கும்பகோணம் பஸ். ஐயம்பேட்டை தாண்டும்போது மதாம் விஷயத்தைச் சொன்னார். அவருடைய அப்பா பிரான்சில் ஒரு மலையோரச் சிற்றூரில் ஜெண்டார்ம் அதிகாரி. நம்மூர்க் கணக்கில் பட்டாளத்துப் போலீஸ். ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்ததும் கொஞ்ச நாள் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன வேலையைச் செய்திருக்கிறார். பிறகு ஒருநாள் ஸ்டேஷன் துப்பாக்கிகளையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். அந்த வட்டாரத்து ரகசியப் படைக்கு அவர்தான் தலைவர். பிடிபட்டார். மூன்று நாள் அடித்துவிட்டுச் சுட்டுக் கொன்றார்கள்.

"ஊரில் பாதிப் பேர் அவருக்குக் கல் நட்டார்கள். மீதிப் பேர், அடி தாங்காமல் ஆட்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றார்கள். அவர் பிடிபட்ட பிறகு இரண்டு பேர் மாட்டியது உண்மை. என் அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள்" என்றார் மதாம்.

அந்தப் படையில் காரைக்கால் தமிழர் ஒருவர் இருந்தாராம். உயிரோடு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்காகக் கப்பலும் ரயிலும் ஏறி வந்திருக்கிறார் இந்த அம்மாள். அந்தக் கிழவர் 'ஆமாம், சொல்லிவிட்டார்' என்று சொன்னால் இவரை நான் எப்படித் திருப்பிக் கூட்டிவருவேன்?

கும்பகோணத்தில் மாயவரம் பஸ்ஸுக்கு மாறினோம். கத்திரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒரு பெண், மதாமை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த அம்மா எந்த ஊரு? புள்ளைங்க எத்தனை? வீட்டுக்காரரு வரலையா?"

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்க."

"தெரியாட்டி என்ன? எது கேட்டாலும் ஆமாம்னு சொல்லச் சொல்லுங்க. நான் அப்படித்தான் எங்க மாமியார்கிட்ட காலந்தள்ளுறேன்."

மதாம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். கத்திரிக்காய் வேண்டுமா? ஆமாம். ஜன்னலைச் சாத்தட்டுமா? ஆமாம். பஸ்ஸே சிரித்தது.

மாயவரம் தாண்டியதும் சிரிப்பு அடங்கியது. இரண்டு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. வயலில் ஒரு ஆள் இல்லை. கறுப்பு சிவப்புக் கொடிக்கம்பம் ஒரு முக்கில், செங்கொடி எதிர் முக்கில். "அறுப்புக் கூலித் தகராறுங்க. அரை மரக்கா நெல்லு கூடக் கேட்டாங்க, மிராசு வெளியூர் ஆளை இறக்கிட்டாரு. அடிதடி. நாலு பேரைப் போலீஸ் தேடுது" என்றார் கண்டக்டர். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு கூட்டம் இறங்கியது. மாலையும் மேளமுமாக அவர்கள் பாட்டுக்குப் போனார்கள்.

பதினொன்றரைக்குக் காரைக்கால். அங்கிருந்து மாட்டுவண்டி. எல்லை வாய்க்காலை ஒட்டினாற்போல அந்த வீடு. வாய்க்காலுக்கு அந்தக் கரை தஞ்சாவூர் ஜில்லா, இந்தக் கரை காரைக்கால். அந்தக் கரைப் போலீஸ் நினைத்தவுடன் இங்கே வந்துவிட முடியாது.

ஒல்லியான கறுத்த மனிதர். காக்கி டவுசர், தலையில் முண்டாசு. "அலே! அலே!" என்று மாட்டைப் பிரெஞ்சில் அதட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை இந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். ஊருக்கே அவர் சொல்தாதான். மதாம் தன் அப்பா பேரைச் சொன்னதும் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றார்.

உள்ளே நான்கு பேர் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். என் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? "உங்க பேரு என்னங்க? எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டேன். நம் ஜனங்களுக்குத் தண்ணீர் வாங்குமுன் இதைக் கேட்காவிட்டால் விக்கல் எடுக்கும். சாப்பிட்டவர்களின் கை இலையிலேயே நின்றது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல பேரு கேக்குற வழக்கம் கிடையாது" என்றார் சொல்தா.

"தெரியாம கேட்டுட்டேங்க" என்றேன். முகம் சுட்டது.

"எங்க கப்பித்தேன், அதான் கேப்டன், போட்ட சட்டம். இந்தம்மாவோட அப்பா. ஒருத்தன் பேரு ஒருத்தனுக்குத் தெரியக்கூடாது. அடிச்சாலும் தெரியாததைச் சொல்ல முடியாதில்ல? ஊருக்குத் திரும்பி வந்தும் அதை விடலை. இங்க பேரு கேட்டா அடுத்து தெருவைக் கேப்பான். தெரு தெரிஞ்சா டம்ளரை மாத்துவான். எதுக்கு வம்பு?"

அதுவரை மதாமிடம் பிரெஞ்சில் நலம் விசாரித்துக்கொண்டிருந்தவர், அப்பா காட்டிக்கொடுத்தாரா என்ற அந்தக் கேள்வியை மதாம் கேட்டதும் தமிழுக்குத் திரும்பினார். "இதைத் தமிழ்லதான் சொல்ல வரும். நீங்க அவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா."

ஜெர்மன்காரனின் சிறை முகாமிலிருந்து தப்பி ஓடிய தன்னைப் பிடிக்க, அப்போது ஜெண்டார்மாக வந்தவரே அந்தக் கப்பித்தேன்தான் என்றார். பிடித்தவர் ரொட்டியைக் கொடுத்து, தன் கோட்டையும் போர்த்தி, ஒரு விதவையின் மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் விட்டாராம்.

"மாட்டுன ரெண்டு பேரும் பேச்சைக் கேக்காம பொண்டாட்டி புள்ளையப் பாக்க வீட்டுக்குப் போனவங்க. ஜெர்மன்காரன் வாசல்லயே காத்திருந்து புடிச்சான். எல்லார் பேரும் தெரிஞ்சவரு கப்பித்தேன் ஒருத்தர்தான். அவரை அடிச்ச இடத்துலேருந்து ஒரு மைல்ல நான் கிடந்தேன். என் பேரைச் சொல்லவே வேணாம். அந்த மலைக்காட்டுல கறுப்பு மூஞ்சி என்னோடது ஒண்ணுதான். 'கறுப்பன்'னு ஒரு வார்த்தை வந்திருந்தா அன்னிக்குச் சாயங்காலமே எனக்குக் குண்டு. மூணு நாள் அடிச்சான். அந்த ஒரு வார்த்தை வரலையே!" மார்பில் தட்டிக்கொண்டார். "இதோ இருக்கேனே, நான்தான் சாட்சி."

மொழிபெயர்த்தேன். மதாம் எழுந்துபோய் அந்தக் கிழவரின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தவர் வெளியே போய் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை, வாங்கிக் குடித்தேன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். சொல்தா வண்டி வரைக்கும் வந்து ஒரு பை நெல்லை மதாமின் கையில் கொடுத்தார். அவர் அப்பாவின் கல்லுக்கு முன்னால் தூவச் சொன்னார்.

காரைக்காலிலிருந்து நாங்கள் திரும்பி வந்த பஸ்ஸை எல்லை தாண்டியதும் போலீஸ் நிறுத்தியது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் ஏறி நேரே எங்களிடம் வந்தார்.

"சொல்தா வீட்டுக்குப் போனீங்களாம்ல? அங்க யார் யார் இருந்தாங்க?"

"தெரியாதுங்க சார். நாங்க பேரு கேக்கலை."

முறைத்தார். மதாம் என் தோளைத் தொட்டு, தன் அப்பாவும் போலீஸ்தான் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மனிதருக்கு முகம் இளகிவிட்டது. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"அப்படிங்களா! நல்ல மனுஷரா அவரு?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். காலையிலிருந்து அர்த்தம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் சொல்லிவந்த அந்த ஒரு தமிழ் வார்த்தையை, மதாம் ஒதில் இந்தத் தடவை கேள்வியைப் புரிந்துகொண்டு சொன்னார்.

"ஆமாம்."