செபஸ்ரியன் மாஸ்ரர் மொழிபெயர்த்த ஆறு கிழமை

செபஸ்ரியன் மாஸ்ரருக்குச் சாவைப் பற்றி நிறையத் தெரியும். அதாவது ஐரோப்பியரின் சாவைப் பற்றி, அதிலும் அறுநூறு வருடத்துக்கு முந்திய சாவைப் பற்றி. மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர். அரசர்களையும் போர்களையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார். கொள்ளைநோய்க் காலம் வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறுதலாக உட்காருவார்.

"அந்தக் காலத்து ஆக்கள் சாவுக்குப் பயப்பிடேல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வாற சாவுக்குத்தான் பயந்தவை," என்பார். நோயாளிக்குத் தன் முடிவு தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் சொல்லிவிட வேண்டும், அது சிநேகிதனின் கடமை. வீட்டாரும் அயலாரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அவன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பான், தானும் மன்னிப்பான். பிறகுதான் பாதிரியார் மணி கிலுக்கிக்கொண்டு தெருவால் வருவார். வழியில் போகிறவன்கூட அவருக்குப் பின்னால் அறைக்குள் நுழைந்து முழங்காலில் நிற்பான்.

ஒரு விஷயத்தைச் சொல்லி மட்டும் வகுப்பைச் சிரிக்கவைப்பார். சாகப்போகிறவருக்குச் சுவாமி, அதாவது பாதிரியார், எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் இருக்கிறதே, அதைப் பெற்ற பிறகு ஒருவன் பிழைத்துக்கொண்டால் அவன் பாதி செத்தவன் என்று அந்தச் சனம் நம்பியது. வெறுங்காலோடு நடக்கக்கூடாது, மனைவியோடு சேரக்கூடாது. இந்தப் பயத்தில் பாதிரியாரைக் கூப்பிடாமலே இழுத்தடித்தார்கள். பலர் ஒன்றும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். "மோட்டுச் சனம்," என்று மாஸ்ரர் முடிப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு அவர் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தார். கலியாணம் கட்டாத மனிதர், ஒரு பெட்டியோடு வந்திறங்கினார். கொள்ளைநோயை விளக்கத் தெரிந்தவருக்கு இங்கே யார் வேலை வைத்திருக்கிறார்கள்? ஒனிஹங்கா என்ற பகுதியில் ஒரு கம்பளி ஆலையில் ஆட்டு மயிர் கழுவினார். அங்கேதான் நிக்கலஸைச் சந்தித்தார்.

நிக்கலஸ் மன்னார்ப் பேசாலைக்காரன், பிறவியிலேயே கடல்காரன். இங்கிலிஷில் அவனுக்குத் தெரிந்தது குட்மோர்னிங்கும் தாங்க்யூவும்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் துறைமுகத்தில் தூண்டிலோடு நின்று, வற்றிக் கிடக்கும் சேற்றைப் பார்த்துத் திட்டுவான். "இதென்ன கடல், மாஸ்ரர்? நாளுக்கு ரெண்டு தரம் எங்களை விட்டுட்டு ஓடுது!"

அவனுக்கு ஊரில் ஒரே ஒரு தம்பி, ஆனந்தராசா. தன் சொல் கேளாமல் கலியாணம் கட்டினான் என்று, கோயில் வாசலில் ஊர் பார்க்க, "நான் செத்தாலும் நீ என்ர செத்த வீட்டுக்கு வரப்படாது" என்று நிக்கலஸ் சொல்லிவிட்டான். பதினொரு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் ஆட்களிடம் இது வெறும் கோபப் பேச்சு அல்ல. சொன்னவர் செத்தாலும் அந்தச் சொல் நிற்கும், தம்பி படலையடியில் நின்று அழுவானே தவிர உள்ளே வரமாட்டான். சொன்னவரே உயிரோடு இருக்கும்போது திருப்பி எடுத்தால்தான் உண்டு. நிக்கலஸுக்கும் அது தெரியும். தூண்டிலைப் பார்த்தபடி ஒரு நாள், "அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, என்ன?" என்று கேட்டான்.

எண்பத்தாறு மே மாதம் நிக்கலஸ் இருமியதில் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் படம் எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். கடைசியில் டொக்டர் கதைக்க வேண்டும் என்றதும், மொழிபெயர்க்க மாஸ்ரரைக் கூப்பிட்டார்கள்.

லிப்டுக்குப் பக்கத்திலேயே லூசியா, நிக்கலஸின் மனைவி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஓரளவு இங்கிலிஷ் விளங்கும், முன்னமே டொக்டரிடம் கேட்டறிந்திருந்தாள். "மாஸ்ரர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ. தெரிஞ்சா அந்த இடத்திலேயே விழுந்திடுவார். சுவாமியையும் கூப்பிட வேண்டாம். எங்கட அப்புவுக்குச் எண்ணெய் பூசின சுவாமி படலை தாண்ட முந்தியே அப்புவின்ர உயிர் போட்டுது."

மாஸ்ரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினாறு வருடம் படிப்பித்த வாய் அன்று எங்கே போனதோ, "சரி பிள்ளை" என்றார்.

டொக்டர் இளம் வெள்ளைக்காரப் பெண், நல்ல பிள்ளை. கட்டிலில் உட்கார்ந்து, நிக்கலஸின் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். நெஞ்சில் புற்றுநோய், எங்கும் பரவிவிட்டது. இனி மருந்து நோவைக் குறைக்க மட்டுந்தான். ஆறு கிழமை, கூடினால் ஒன்றரை மாதம், உயிரோடு இருக்கலாம். யாரையாவது பார்க்க வேண்டும், யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இப்போதே செய்யுங்கள்.

மாஸ்ரர் தொண்டையைச் செருமினார். "நெஞ்சுக்குள்ள புண்ணாம். ஆறு கிழமை மருந்து எடுக்கோணுமாம்."

"ஆறு கிழமைதானே? நான் என்னவோ எண்டு பயந்திட்டன்," என்று நிக்கலஸ் வாய் நிறையச் சிரித்தான். டொக்டரின் கையைப் பிடித்து, "தாங்க்யூ, டொக்டர், தாங்க்யூ" என்றான். இவ்வளவு தைரியமான மனிதரைத் தான் பார்த்ததில்லை என்று அவள் மாஸ்ரரிடம் சொன்னாள், கண் கலங்கியிருந்தது. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆலை விட்டதும் பஸ் பிடித்துப் போவார். பார்க்கிற நேரம் இரண்டு மணித்தியாலம், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் மட்டும் வரலாம், சுற்றிவர ஒரு திரை. பக்கத்துக் கட்டில்காரன் யாரென்றுகூடத் தெரியாது. நிக்கலஸ் சுவரில் இருந்த கலண்டரில் நாளுக்கு நாள் பேனையால் வெட்டிக்கொண்டு வந்தான், விடுதலை நாளை எண்ணுகிறவனைப் போல. மாஸ்ரர் கலண்டருக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

இரண்டாம் கிழமை ஒரு வழி தோன்றியது. சாவைச் சொல்லாமலே சாவுக்குரிய காரியத்தைச் செய்விக்கலாமே! ஊருக்கு எழுத எயார் லெற்றர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

"நிக்கலஸ், சும்மாதானே படுத்திருக்கிறாய். தம்பிக்கு ரெண்டு வரி சொல்லன், நான் எழுதுறன்."

நிக்கலஸ் அவர் பக்கம் திரும்பிப் படுத்தான். முகம் இளகியது. மாஸ்ரர் பேனையைத் திறந்தார்.

"எழுதத்தான் வேணும், மாஸ்ரர். ஆனா சுகமாகினாப் பிறகு எழுதுவம். இப்ப ஆஸ்பத்திரியில கிடந்து எழுதினா, சாகப்போற பயத்தில எழுதுறான் எண்டெல்லோ அவன் நினைப்பான்."

மாஸ்ரர் பேனையை மூடினார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் ஒருவருக்கும் திறக்காது. திறந்த வாசலில் நின்றுகொண்டு, "ஓம், அதுவும் சரிதான்" என்றார்.

மூன்றாம் கிழமை, கோயிலடியில் பங்குச் சுவாமியின் வீட்டு வாசல்வரை போனார். அழைப்பு மணியில் விரலை வைத்தார். லூசியா கையைப் பிடித்துக் கெஞ்சியது கண்ணுக்குள் வந்தது. மணியை அமத்தாமலே திரும்பி மழைக்குள் நடந்தார். மோட்டுச் சனம் என்று யாரைச் சொன்னாரோ அவர்களைவிடத் தான் எந்த விதத்தில் கெட்டிக்காரன் என்று அவருக்கு விளங்கவில்லை. அவர்களாவது கல்வி அறியாதவர்கள்.

நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நிக்கலஸுக்கு மூச்சு அடைத்தது. லூசியா பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மாஸ்ரர் ஆலையில் நின்றார். சுவாமி பத்து நிமிட நடைத் தூரத்தில் இருந்தார். கலண்டரில் இருபத்தைந்து நாள் வெட்டப்பட்டிருந்தது.

ஊருக்குத் தந்தி அடித்தவர் மாஸ்ரர்தான். அதனால் ஆனந்தராசாவின் பதிலும் அவர் பெயருக்கே வந்தது. சண்டை நடந்த அந்த நாளில் மன்னார்த் தபால் வந்தால்தான் வந்தது. கடிதம் கிடைத்தபோது நிக்கலஸ் செத்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. மாஸ்ரர் அதை எடுத்துக்கொண்டு லூசியா வீட்டுக்குப் போனார்.

"என்னவாம், மாஸ்ரர்?" என்றாள், வெள்ளைச் சீலையோடு கதவடியில் நின்று.

சுகம் விசாரித்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். வாய் அதற்கு ஆயத்தமாகவே வந்தது. ஆனால் இந்த முறை மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார்.

"மாஸ்ரருக்கு, தந்தி கிடைச்சுது. கோயில்ல துக்கமணி அடிச்சவை. ஊரே பூசைக்குப் போனது, நான் வெளியில நிண்டனான். அண்ணர் வரப்படாது எண்டு சொன்னவர். கடைசி நேரத்தில என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ? முப்பத்தோராம் நாள் பூசைக்கெண்டாலும் நான் உள்ள போகலாமோ எண்டு ஒரு வரி எழுதுங்கோ. உங்கட பதிலைப் பாத்துக்கொண்டிருப்பன்."

லூசியா விரல் மடக்கி நாளை எண்ணினாள். முப்பத்தோராம் நாள் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

"அப்ப அண்டைக்கும் வெளியிலதான் நிண்டிருப்பார், என்ன மாஸ்ரர்?"

"ஓம் பிள்ளை," என்றார் செபஸ்ரியன் மாஸ்ரர்.