கதவுக்குப் போன வார்னிஷ்

மேஜையில் முகம் பார்த்துத் தலைசீவலாம் என்ற நிலை வரும்வரை அந்த வார்னிஷ்காரர் தூரிகையைக் கீழே வைக்கமாட்டார். மேஜைக்கும் அலமாரிக்கும் அது நல்ல குணம். பறக்க வேண்டிய பொருளுக்கு அதுவே கெட்ட குணம். வேறு குணம் அவரிடம் கைவசம் இல்லை.

ஓய்வு நாளில் அவர் செய்வது மாதிரி விமானங்கள். பஞ்சுபோல் கனமில்லாத பால்சா மரத்தில் உடலும் இறக்கையும் செய்து, மேலே கண்ணாடி இழைத் துணியை விரித்து, துணியின் மேலேயே வார்னிஷ் தடவுவார். வார்னிஷ் பட்டதும் துணி கண்ணுக்குத் தெரியாமல் மரத்தோடு ஒட்டிவிடும். மரம் ஓடுபோல் இறுகும். இரண்டு பூச்சு போதும் என்பது விமானம் விடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் போன விமானத்துக்குப் பூசித் தள்ளினார். எத்தனை பூச்சு என்று கேட்க வீட்டில் யாருக்கும் துணிவில்லை.

அது மைதானத்தில் பளபளவென்று நின்ற அழகைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். முடுக்கியதும் ஓடியது, ஓடியது, மறுகோடிவரை ஓடி வேலியில் முட்டி நின்றது. பூச்சின் கனத்தில் தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. ரிமோட்டைப் பிடித்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர்.

"மாமா, இதுக்கு ரெக்கை எதுக்கு? ரெண்டு சீட்டப் போடுங்க, என் ரூட்லயே ஓட்டிடலாம்."

அன்றிலிருந்து மைதானத்தில் அவருக்கு 'பஸ் முதலாளி' என்று பெயர். அடுத்ததும் எழும்பாவிட்டால் இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னவர் சிரிக்கவில்லை.

எனவே இந்த முறை மனைவி நடுவே புகுந்தாள். அவள் தையல்காரி, துணி என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவளை யாரும் அழைக்க வேண்டியதில்லை. தொட்டாலே ஓரம் பிரியும் அந்தத் துணியை அவள் அதட்டாமல் அடக்கினாள். இறக்கை மேல் விரித்து, ஈரமில்லாத தூரிகையால் நீவினாள்.

"நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தடவுங்க. ஓரத்துலேர்ந்து வந்தா சுருக்கம் நடுவுல குடியேறிடும்."

அவர் தடவினார். காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டாவது பூச்சும் தடவினார். விமானம் குளிக்காமல் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைபோல மங்கலாக நின்றது. போதாததற்கு, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு சுருக்கம். இன்னும் ஒரே ஒரு பூச்சு போட்டால் மறைந்துவிடும் என்றார்.

"உங்க ஒண்ணு எத்தனை குட்டி போடும்னு எனக்குத் தெரியும்."

டப்பாவை அவள் ஒளித்துவைக்கவில்லை. வார்னிஷ்காரரிடம் வார்னிஷை ஒளிப்பது பூனையிடம் கருவாட்டை ஒளிக்கிற கதை. அதற்குப் பதில் வழி ஒன்று சொன்னாள். "கை அரிச்சா சமையலறைக் கதவுக்குப் போடுங்க. அது பறக்க வேண்டியதில்ல."

கை அடிக்கடி அரித்தது. ஓய்வு நாள் வரும்வரை, வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவுக்குப் போய்விடுவார். போகிற வழியில் அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

மைதானத்தில் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் திரும்பி நின்றுகொண்டார். பின்னால் சக்கரங்கள் கடகடத்தன. பழகிய சத்தம். பிறகு அது சட்டென்று நின்றது. வேலியில் முட்டிய சத்தம் கேட்கவில்லை. மச்சானின் கேலியும் கேட்கவில்லை. இரண்டாவதுதான் அவரைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

விமானம் வேலிக்கு மேலே, மரங்களுக்கும் மேலே, வளைந்து வந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைப் பிடித்திருந்தான். வார்னிஷ்காரர் தன் வயதையும் மூட்டுவலியையும் மறந்து அதன் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினார். நிழல் ஜெயித்தது. மூச்சு வாங்க மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"சுருக்கம் தெரியுதா?" என்று கேட்டாள் அவள்.

"எந்தச் சுருக்கம்?"

வீடு திரும்பிய பிறகுதான் சமையலறைக் கதவை மூட முடியவில்லை என்பது தெரிந்தது. பூச்சு தடித்துப்போய், நிலைக்குள் அடங்க மறுத்தது. மச்சான் தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. ஓரத்தை இழைத்துவிடலாம் என்றான். அவ்வளவு பளபளப்பையும் இழைப்பதா என்று அவர் பதறிவிட்டார்.

கதவு திறந்தே இருக்கிறது. ஓய்வு நாளில் மைதானத்துக்குக் கிளம்புமுன் பஸ் டிரைவர் அதில்தான் முகம் பார்த்துத் தலைசீவிக்கொள்கிறான்.