பினாயில் அக்கா வெளுத்த தூண்

இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவளுக்கு ஊரே வார்டாகத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் கதவுப் பிடியைக்கூடச் சும்மா விடமாட்டாள். "என்னை மட்டும் இன்னும் ஊற வச்சுத் தேய்க்கல, அதுவே பெரிய புண்ணியம்" என்பார் பஸ் ஓட்டுகிற அவள் கணவர். 'பினாயில் அக்கா' என்பது நர்ஸ்கள் வைத்த பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இல்லாமலும் இல்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் கை சும்மா இருக்காமல், பழைய பேராலயத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அறுநூறு வருஷக் கட்டடம். வருகிறவர்கள் எல்லாரும் கழுத்து வலிக்க மேலே பார்ப்பார்கள். இவள் கீழேதான் பார்ப்பாள்: மெழுகுச் சொட்டு, சூயிங்கம், குழந்தை சிந்திய பால். மூன்றாம் நாளே ஆலய மேலாளர் அசந்துபோனார்.

ஐந்தாம் நாள் மதியம், ஆலயம் சாத்தியிருந்த நேரத்தில், வடக்கு வாசல் தூண் அவள் கண்ணில் பட்டது. தோள் உயரத்தில் ஒரு குழி, சுற்றிலும் பிசுக்கேறிய கறுப்பு. பல பேர் கைபட்டு வந்த கறை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியாக இருந்தால் இதற்கே சீட்டுக் கிழிந்துவிடும். "இத்தனை பேர் வர்றாங்க, ஒருத்தர் கண்லயும் படல பாரேன்" என்று முணுமுணுத்தபடி சோப்புத் தண்ணீரும் பிரஷுமாக இறங்கினாள். நாலு வாளித் தண்ணீர் மையாகக் கறுத்தது. தூண் பளிச்சென்று வெளுத்தது.

கதவு திறந்ததும் முதலில் வந்தவர் எதிர்த்தெரு ரொட்டிக்கடைக்காரர். பழக்கத்தில் தூணை நோக்கிக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்கே போச்சும்மா?"

"எது?"

"அந்தக் கறுப்பு! எங்கப்பா, அவரோட அப்பா, எல்லாரும் தொட்ட இடம்மா அது. பரீட்சையோ ஆபரேஷனோ பிரசவமோ, இதுல கை வச்சிட்டுத்தான் இந்த ஊர்ல யாரும் போவாங்க."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், காத்திருப்பவர்கள் சாய்ந்து நின்ற சுவரைத் தினமும் துடைத்தவள் அவள். அந்தக் கைகள் எப்படி நடுங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அறுநூறு வருஷத்து நடுக்கத்தை ஒரே மதியத்தில் சாக்கடையில் ஊற்றிவிட்டாள்.

மேலாளர் ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் சாமான் அறைச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"நான் போயிடறேன் சார். இத எப்படித் திருப்பித் தர்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் சாவியை வாங்கவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிறைமாதக்காரி ஒருத்தி முன்னால் வந்தாள்.

"அப்பாடா, கழுவிட்டீங்களா! மூணு மாசமா தொடணும்னு வர்றேன். அந்தப் பிசுக்கைப் பார்த்தாலே குமட்டும், திரும்பிப் போயிடுவேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் குழிக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் எவ்வளவு அடக்கிப் பார்த்தும் சிரிப்பு பீறிட்டது. அவரும் கை வைத்தார். "அட, குழி அங்கேயேதான்யா இருக்கு!"

பிறகு கூட்டம் வரிசை பிடிக்க ஆரம்பித்தது. அழுக்கென்று ஒதுங்கியிருந்தவர்களும் வந்தார்கள். பக்கத்துப் பட்டறை மெக்கானிக், கையெல்லாம் கிரீஸோடு தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்தார். "நீங்க முன்னாடி வாங்க! உங்க கைதான் வேணும்!" என்று அவரை மாப்பிள்ளையை அழைப்பதுபோல் அழைத்து வழிவிட்டார்கள். ஆலயம் சிரிப்பில் அதிர்ந்தது. சாயங்காலத்துக்குள் குழியில் லேசாக ஒரு நிழல் படிந்துவிட்டது.

"சாவிய உள்ள வைங்கக்கா" என்றார் மேலாளர். "இனிமே தரை உங்க பொறுப்பு. தூண் ஊர்ப் பொறுப்பு. இப்ப நீங்களும் ஒரு கை வைங்க."

"இவங்க கைல இருந்து கறை எங்க வரப்போகுது?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

எல்லாரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோப்பில் தோலுரிந்த கையைக் குழியில் வைத்தாள். அடுத்தவர்கள் சாய்ந்த சுவரைத் துடைத்த அத்தனை வருஷத்தில், அவள் ஒருநாளும் எதன்மேலும் சாய்ந்து நின்றதில்லை. இப்போது நெற்றியையும் சேர்த்துத் தூணில் சாய்த்துக்கொண்டாள். பின்னால் நீளமான வரிசை நின்றது. ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.