பனியில் வழி தவறிய பஸ்

கெல்டர்விக் கடற்கரையில் டீக்கடை வைத்திருந்த எட்னா கார்த்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வாயாடுவதில் ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "வீட்ல கெட்டில் ஒண்ணு பொழுதுக்கும் பெருமூச்சு விட்டுக்கிட்டிருக்கு. இன்னொண்ணு எதுக்கு?" என்பாள்.

ஒரு ஜூன் மாதக் காலை, கடலிலிருந்து பனி ஏறிக் கண்ணை மறைத்தது. பக்கத்துப் பெரிய ஊருக்குச் சுற்றுலா கிளம்பிய பஸ் ஒன்று வழி தவறி அவள் கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே நெசவாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கூட்டம். பனி விலகாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்றுவிட்டான் டிரைவர்.

முதலில் இறங்கியவர் சிரில் பின்டர். மனைவியை இழந்தவர், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு மரப்பாலம் இருக்குமே, எங்கேம்மா?"

"ஒரு தெருவையே கடல் முழுங்கிடுச்சுங்க. பாலத்தை மட்டும் விட்டுவைக்குமா?"

"அப்ப பார்க்க என்னதான் இருக்கு?"

எட்னாவுக்குச் சுருக்கென்றது. கடையைச் சாத்தினாள். "வாங்க, காட்டுறேன்."

எல்லாரையும் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்ப் பிரசங்க மேடையைத் தட்டிக் காட்டினாள். "அந்தக் காலத்துல இதுக்கு அடியிலதான் கடத்தல் பிராந்தியை ஒளிச்சாங்க. பாதிரியார் பிரசங்கத்தை முடிக்கலைன்னா, சுங்கக்காரங்க இன்னும் வாசல்ல நிக்கிறாங்கன்னு அர்த்தம்."

அடுத்தது குன்று. புயலில் உயிர்காக்கும் படகைப் பெண்களே கயிறு கட்டி இழுத்து இதைத் தாண்டினார்கள் என்றாள்.

"ஆம்பிளைங்க என்ன பண்ணாங்க?" என்றார் சிரில்.

"கடல்ல முங்கிக்கிட்டிருந்தாங்க. அவங்களைக் காப்பாத்தத்தானே இழுத்தாங்க."

சிரில் சிரித்துவிட்டார். கடல் உள்வாங்கியதும் மூழ்கிய தெருவின் கற்கள் தெரிந்தன. எட்டிப் பார்க்கப் போனவர் பாசியில் வழுக்கிக் குட்டைக்குள் உட்கார்ந்தார். எட்னா தன் அப்பாவின் பழைய கால்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அந்தக் கோலத்திலேயே எல்லாரோடும் அவள் கடையில் உட்கார்ந்து மூன்று நண்டு சாண்ட்விச்சை உள்ளே தள்ளினார். பனி விலகி டிரைவர் ஹாரன் அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிரில் ரயிலேறி வந்தார், கால்சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு.

"தபால்ல போட்டிருக்கலாமே," என்றாள் எட்னா.

"போட்டிருக்கலாம். தபால்காரன் எனக்கு நண்டு கொண்டுவந்து தரமாட்டானே."

கோடை முழுக்கச் சனிக்கிழமைதோறும் வந்தார். ஒருநாள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் துணியோடு நின்று துடைத்துக்கொண்டே, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். எட்னா இன்னொரு கோப்பையைக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "கோப்பையை உடைக்காம இருந்தா சரி," என்றாள்.

அக்டோபரில் கல்யாணம். நெசவாலைக் கூட்டம் மொத்தமும் வந்திறங்கியது, இந்த முறை வழி தெரிந்தே. அதற்குப் பிறகு கோடையில் வருகிறவர்களுக்கு எட்னா ஊரைச் சுற்றிக் காட்டுவாள். சிரில் கடையில் நண்டு உடைப்பார், விரலில் கட்டோடு.