புழுதி கிளப்பிய லட்சுமணசாமிக் கவுண்டர்

துடியலூர் லட்சுமணசாமிக் கவுண்டர் எனக்குச் சித்தப்பா முறை. யார் எதைச் சொன்னாலும் பாதிவரை கேட்பார். மீதியைச் செய்து காட்டிவிடுவார். நான் கடல் தாண்டி வந்த பிறகும், ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்றால் முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் ஐப்பசி முடிந்தும் மழை இல்லை. அவருடைய கம்போடியாப் பருத்தி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. கிணற்றடியில் எஞ்சிய தண்ணீரை இரண்டு எருதுகள் கவலை ஏற்றத்தில் இழுத்து இழுத்துச் செடிகளின் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. அந்த நேரம் பார்த்துத்தானா, காற்றிலுள்ள தூசியை எண்ணும் கருவியோடு ஆரோக்கியதாஸ் என்ற வானிலை ஆபீசர் வந்து சேர வேண்டும்?

"தூசி இல்லாம மேகமே திரளாதுங்க. ஒவ்வொரு துளிக்குள்ளயும் ஒரு துகள் இருக்குது" என்றார் அவர்.

கவுண்டருக்கு அது போதும். எருதுகளைக் கவலையிலிருந்து அவிழ்த்து வண்டியில் பூட்டி, காய்ந்த மேட்டுக்காட்டில் தினமும் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். கிளம்பிய புழுதியில் மருதமலையே கண்ணுக்குத் தெரியவில்லை.

வேலியோரம் பங்காளி திருமலைசாமி இருமிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்ண்ணா, உங்க புழுதி மேகமாகி எங்க காட்டுல பேஞ்சுபோட்டா?"

"கெணத்துப் பங்கு மாதிரித்தான். பாதித் தண்ணிய எம்பக்கம் திருப்பி உட்டுறோணும், ஆமா!"

சில நாள் கழித்து ஆபீசரையே கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் கருவிக்குள் கொஞ்சம் காற்றை உறிஞ்சினார். உள்ளே தூசியின்மேல் ஈரம் படிந்து, கண்ணாடிச் சில்லில் பொடித்துளிகளாக விழுந்தது. லென்ஸ் வைத்து எண்ணினார்.

"தேறுங்களா?" என்றார் கவுண்டர்.

"நெறைய இருக்குதுங்க. ஆனா முதல்ல எண்ணுனப்பவே வேண்டிய அளவு இருந்துச்சு. காத்துல இல்லாதது ஈரந்தானுங்க."

"அப்பறம் இந்த டப்பாக்குள்ள மட்டும் எப்படிங்க துளி உளுந்துது?"

"அதுக்குள்ள நானே தண்ணி ஊத்தி வெச்சிருக்கறனுங்க."

கவுண்டர் யோசித்தார். "இதையே பெருசா ஒண்ணு பண்ணிக் குடுப்பாங்களா?"

அவர் மனைவி பாவாத்தாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பெருசு நம்மகிட்டயே இருக்குதுங்க. கெணறுன்னு பேரு" என்று எருதுகளை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கிணற்றடிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

கிணற்றை ஒட்டிய பாத்திகள் தப்பின. கீழ்ப்புறம் முழுக்கச் சருகாகிவிட்டது. கவுண்டரைக் கேட்டால் வண்டியை நிறுத்தியது பாவாத்தாள்தான், இன்னும் ஒரே ஒரு நாள் ஓட்டியிருந்தால் மழை கொட்டியிருக்கும் என்பார்.